'குளம்பு': சொற்பொருளும் சொற்பிறப்பும் – 'குளப்படி' என்னும் சொல்லை முன்வைத்து

முன்னுரை

மாடு, ஆடு, மான், குதிரை முதலிய விலங்குகளின் கால் நுனியைப் போர்த்துள்ள கெட்டியான பகுதியைக் குறிக்கும் சொல் 'குளம்பு'. சங்க காலந்தொட்டு இன்றுவரை பொருள் மாறாது வழங்கிவரும் சொற்களுள் இதுவும் ஒன்று. மலையாளத்தில் இதே வடிவிலும் கன்னடத்தில் 'கொளகு' என்றும் வழங்குவதால், தென்திராவிட மொழிகளுக்குப் பொதுவான பழஞ்சொல் இது எனலாம். வடமொழிவழி வந்த 'குரம்' அகராதிகளில் இடம்பெற்றபோதிலும் வழக்கில் இதன் இடத்தைப் பெறவில்லை. ஒலியொப்புமை கருதி இச்சொல்லைக் 'குளம்' என்பதிலிருந்து பிறந்ததாகக் கொள்ளுதல் எளிது. அது பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

குளப்படி: இருவகைப் பிரிப்பு

குளம் என்பதோடு குளம்பை இணைக்கத் தூண்டும் சொல் 'குளப்படி'. மாட்டின் குளம்பு பதிந்த பள்ளத்தையும் அதில் தேங்கிய சிறிதளவு நீரையும் இது குறிக்கும். இதனைக் குளம் + படி எனப் பிரிப்பின், மரப்பலகை போல மகரம் கெட்டு வலி மிக்கதாகும். பொருள் 'குளத்தின் படிக்கட்டு' என்றாகும். குளம்பு + அடி எனப் பிரிப்பின், இரும்பு + உலக்கை 'இருப்புலக்கை' ஆவதுபோல, மென்தொடர்க் குற்றியலுகரம் வன்தொடராகத் திரிந்ததாகும். பொருள் 'குளம்பின் அடித்தடம்' என்றாகும். புணர்ச்சி விதி இரண்டிற்கும் இடந்தருதலின், பொருளே முடிவு செய்தல் வேண்டும்.

வைணவ மணிப்பிரவாள உரைகளில் கடலுக்கு எதிர்நிலையாகக் குளப்படி வருகிறது. அளவிறந்த ஒன்று மிகச் சிறியதனுள் அடங்குதலை உணர்த்துவதே அங்கு நோக்கம். குளத்துப் படி என்று கொண்டால் அந்த அளவு முரண் சிதையும். உவமை பயனற்றுப் போகும். பசுவின் அடித்தடத்தைச் சிறுமைக்கு எல்லையாக்கும் வடமொழிக் 'கோஷ்பதம்' என்னும் வழக்கும் இரண்டாம் பிரிப்பையே வலியுறுத்துகிறது. ஆகவே, நீர் என்னும் பொருட்கூறு தடத்தால் வந்ததேயன்றிக் குளம்பால் வந்ததன்று. குளம்பிலிருந்து பிறந்த குளப்படியைக் கொண்டு குளம்புக்கே மூலம் காட்டுவது, மகளைக் கொண்டு தாய்க்குப் பிறப்புரைப்பது போன்றதாகும்.

வடிவம் தரும் சான்று

பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்று 15ஆம் பாடலில், பகைவர் விளைநிலத்தில் பாயும் குதிரைகளின் குளம்பு 'கவிகுளம்பு' எனப்படுகிறது. கவிந்திருத்தல் என்னும் வடிவமே அங்குப் புலவரின் கண்ணில் படுகிறது. நீரோ பள்ளமோ அன்று. இக்காலத்தில் காப்பிக்கு ஆக்கப்பட்ட 'குளம்பி' என்னும் சொல்லும், பிளவுடைய காப்பிக் கொட்டை குளம்பை ஒத்திருத்தல் பற்றியே விளக்கப்படுகிறது. பழம்பாடலும் புத்தாக்கமும் வடிவத்தையே பற்றி நிற்கின்றன.

முடிவுரை

குளம்பு என்பதற்குக் குளம் மூலமாகாது. அவ்வாறு கொள்ளத் தூண்டும் குளப்படி, குளம்பின் வழிவந்த சொல்லேயாம். ஒலியொப்புமையை மட்டும் நம்பி வேர் காண்பது சொற்பிறப்பைப் பிழையாக்குவதோடு, உரையாசிரியர் கருதிய பொருளையும் மறைத்துவிடும். அகராதிப் பதிவுகளில் குளப்படிக்குப் பொருள் தருமிடத்து அதன் பிரிப்பையும் உடன் காட்டுதல் இம்மயக்கத்தைத் தவிர்க்கும்.