நெய்தலைக் கடந்து செல்லும் சாலை

ஒரு நாட்டு எழுத்தாளர் தம் நிலத்தை எவ்வளவு அறிந்திருக்கின்றனர் என்பதை, அவர்கள் அந்நாட்டுச் சாலைகளை எழுதும் முறையைக் கொண்டு ஓரளவு மதிப்பிடலாம். வழியைப் பாடுவதற்கென்றே ஓர் இலக்கிய வகையைப் படைத்துக்கொண்டது தமிழ். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்களே. பிற்காலத்தில் வழிநடைச் சிந்து தோன்றியது. சிங்கப்பூர்த் தமிழிலக்கியத்தின் தொடக்க காலத்திலேயே, 1893ஆம் ஆண்டில், ரங்கசாமி தாசனின் 'அதிவினோதக் குதிரைப் பந்தய லாவணி' வெளிவந்தது. பந்தயம் காணச் செல்லும் வழியும் அங்குத் திரண்ட கூட்டமும் அதன் பாடுபொருளாயின. இத்தகைய மரபுக்கு உரியவர்களாகிய நாம், இந்நாட்டின் எழில்மிகு நெடுஞ்சாலை எனப் பலரும் போற்றும் கிழக்குக் கடற்கரை விரைவுச்சாலையை எவ்வாறு எழுதி வருகிறோம்? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

மாணவர் கட்டுரைகளையும் பள்ளி மலர்களையும் சிறுகதைகளின் தொடக்கப் பத்திகளையும் புரட்டிப் பார்த்தால், இச்சாலை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வருகிறது. சாங்கி விமான நிலையத்திலிருந்து வாகனம் புறப்படும். இருமருங்கும் மரங்கள் தலையசைத்து வரவேற்கும். ஒருபுறம் நீலக்கடல் அலை வீசும். ஷியர்ஸ் பாலத்தின்மேல் ஏறியதும் கீழே கடல் விரியும். எதிரே வானளாவிய மாளிகைகள் நிற்கும். படிக்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் ஒரு திறனாய்வாளன் இங்கே இரு தடைகளை எழுப்பாமல் இருக்க முடியாது. பிடோக்கிலிருந்து மரீன் பரேட் வரையுள்ள பகுதியில், சாலைக்கும் கடலுக்கும் இடையே பூங்காவும் அடர்ந்த மரங்களும் நிற்கின்றன. வாகனத்தில் செல்பவர் கண்ணில் அலை படுவது அரிது. பாலத்தின் கீழே இருப்பதும் இன்று கடலன்று. 2008ஆம் ஆண்டில் மரீனா அணைக்கட்டு திறக்கப்பட்ட பின்னர், அது நாம் குடிக்கும் நன்னீரைத் தேக்கும் நீர்த்தேக்கமாகிவிட்டது. எழுதுபவர் கண்டதை எழுதவில்லை. கடற்கரைச் சாலை என்றால் எவ்வாறு இருக்கும் என்று தாம் படித்திருந்தாரோ, அதனையே எழுதினார்.

இவ்வாறு எழுதுவது வருணனையன்று, வாய்பாடு. சிறுபாணாற்றுப்படையை இதனோடு ஒப்பு நோக்குக. நல்லியக்கோடனிடம் பாணனை வழிப்படுத்தும் புலவர் நத்தத்தனார், ஊர்தோறும் நிலம் மாறுவதைக் காட்டுகிறார். நெய்தல் நிலத்து எயிற்பட்டினத்தில் தேறலும் சுட்ட மீனும் கிடைக்கும். வேலூரில் எயினர் புளிச்சோறு தருவர். ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோற்றோடு நண்டுக் கலவை வரும். வழியில் வாழ்வோர் யாவர், அவர்தம் தொழில் யாது, வருவோர்க்கு அவர்கள் எதைப் படைப்பர் என்பவற்றைச் சொல்லாமல் அப்புலவர் ஓர் அடியும் நகர்வதில்லை. அந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை இன்றும் மரக்காணத்தின் வழியே செல்கிறது. நம் சாலைக்கும் அச்சாலைக்கும் தமிழில் ஏறத்தாழ ஒரே பெயர். ஆனால் அது ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய ஊர்களைத் தொட்டுச் செல்வது. நம்முடையதோ, அறுபது ஆண்டுகளுக்கு முன் அலையடித்த இடத்தில் ஓடுவது. இவ்வேறுபாட்டை உணராத எழுத்து எவ்வளவு அழகாயினும் நம் சாலையைப் பற்றியதாகாது.

ஆகவே, சாலை பிறந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1963ஆம் ஆண்டில் பிடோக் கரையோரம் ஏறத்தாழ 19 ஹெக்டர் கடற்பரப்பு சோதனை முயற்சியாகத் தூர்க்கப்பட்டது. அது வெற்றி பெறவே, 1966 ஏப்ரலில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. ஏழு கட்டங்களாக நடந்த அப்பணி 1985இல்தான் முற்றுப்பெற்றது. அதனால் கிடைத்த நிலம் 1,525 ஹெக்டர். இதற்கு மண் எங்கிருந்து வந்தது? தொடக்கக் கட்டங்களில் பிடோக், சிக்லாப் வட்டாரக் குன்றுகளை இயந்திரங்கள் வெட்டின. அம்மண் நீண்ட கன்வேயர் பட்டைகளில் ஏறிக் கடலோரம் சென்று கொட்டியது. புதிய கரையை அலை அரித்துவிடாதிருக்க, இடையிடையே அலைதடுப்பு முனைகள் அமைக்கப்பட்டன. பூங்காவில் நாம் காணும் வளைந்த சிறு விரிகுடாக்கள் அவற்றின் விளைவே.

இந்நிலத்தின்மேல் 1971ஆம் ஆண்டில் விரைவுச்சாலைப் பணி தொடங்கிப் படிப்படியாக நீண்டது. 1981 ஜூலையில் சாங்கி விமான நிலையம் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில், நாட்டின் இரண்டாம் அதிபர் பெயர் தாங்கிய பெஞ்சமின் ஷியர்ஸ் பாலம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளமுள்ள வழி இவ்வாறு நிறைவெய்தியது. இச்சாலையின் அழகு தற்செயலன்று. நாட்டுக்கு வருவோர் முதலிற் காணும் வழி பசுமையும் ஒழுங்கும் உடையதாய் இருத்தல் வேண்டும் என்பது, 1967இல் தொடங்கிய பூந்தோட்ட நகர்க் கொள்கையின் நோக்கங்களுள் ஒன்று. 2013 டிசம்பர் 29இல் மரீனா கரையோர விரைவுச்சாலை திறக்கப்பட்டதும் மேற்கு முனையின் போக்கு மாறியது. ஆயர் ராஜா விரைவுச்சாலைக்குச் செல்லும் வாகனங்கள் இப்போது பாலத்தின்மேல் ஏறாமல் சுரங்கத்தில் இறங்குகின்றன. அச்சுரங்கத்தின் ஒரு பகுதி கடற்படுகைக்கும் கீழே செல்கிறது.

மலையைப் பெயர்த்துக் கடலில் இட்டு வழி சமைத்த கதை தமிழர்க்குப் புதியதன்று. கம்பராமாயணத்து யுத்த காண்டத்தில் சேதுபந்தனப் படலம் அதனையே பாடுகிறது. நளன் வேலையை நடத்த, வானரர் மலைகளைச் சுமந்து வந்து எறிகின்றனர். அங்கே கம்பன் வெற்றியை மட்டும் பாடிவிட்டு நகர்ந்தானல்லன். மலையோடு வந்து விழுந்த விலங்குகளையும், நீர் கலங்கித் தவித்த கடலுயிர்களையும் பாட்டுக்குப் பாட்டு நின்று நோக்குகிறான். பணி எவ்வளவு உயர்ந்ததாயினும், அதனால் கலங்கிய உயிர்களைக் கவிஞன் காண வேண்டும் என்பது அப்படலம் நமக்குத் தரும் பாடம். நம் கரையோரத்திலும் கேலோங் என்னும் மீன்பிடிக் கூடங்கள் கடலில் நின்றிருந்தன. கம்போங் பிடோக் லாவுட் போன்ற சிற்றூர்கள் அலையோசையில் வாழ்ந்தன. நம் கட்டுரைகளில் அவர்கள் எங்கே?

அடுத்து, ஒரு சொல்லைப் பற்றிச் சிந்தித்தல் வேண்டும். இப்பணியை நாம் 'நிலமீட்பு' என்கிறோம். அடகு வைத்ததை மீட்கலாம், பறிபோனதை மீட்கலாம். என்றும் கடலாய் இருந்த இடத்தை நிலமாக்குவது எவ்வாறு மீட்பாகும்? ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்ததால் வந்த மயக்கம் இது. சீனர் 'தியன் ஹாய்' என்பர்; கடலை நிரப்புதல் என்பது அதன் பொருள். மலாயர் 'தம்பாக்' என்னும் சொல்லை வழங்குவர். மண்ணிட்டு மேடாக்குதல் என்பது பொருள். தமிழிலும் இதற்கு நேரான சொல் இல்லாமலில்லை. அகழியைத் தூர்த்தல், கிணற்றைத் தூர்த்தல் என்று வழங்கும் 'தூர்த்தல்' என்னும் வினை நம்மிடம் உண்டு. 'கடல்தூர்ப்பு' என்று எழுதினால் என்ன நடந்தது என்பது மாணவனுக்கு உடனே விளங்கும். 'மீட்பு' என்னும் சொல்லோ, அங்கே கடல் இருந்தது என்பதையே மறைத்துவிடுகிறது. கடல் நிலத்தை விழுங்கியதற்குக் 'கடல்கோள்' எனப் பெயரிட்டு, காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை வழியே நினைவில் காத்த இனம் நம்முடையது. நிலம் கடலைக் கொண்டதற்கும் உரிய பெயரிட்டுக் காத்தல் நம் கடமையன்றோ?

நாம் மறந்ததை ஊர்ப்பெயர்கள் மறக்கவில்லை. தானா மேரா என்றால் செம்மண். கடலிலிருந்து நோக்கியோர்க்குத் தெரிந்த செந்நிற மேட்டுக்கரையே அப்பெயர்க்குக் காரணம். தஞ்சோங் என்றால் நிலமுனை. தஞ்சோங் காத்தோங் இன்று கடலுக்குள் நீண்டு நிற்கவில்லை. பெயர் மட்டும் நிற்கிறது. தஞ்சோங் ரூ என்பது சவுக்கு மரமுனை. தெலுக் என்றால் விரிகுடா. குராவ் ஒரு மீனின் பெயர். தெலுக் குராவ் சாலையில் இன்று நின்று பார்ப்பவர் விரிகுடாவையும் காணார், மீனையும் காணார். பிடோக் என்னும் பெயரும், தொழுகை நேரத்தை அறிவிக்க முழக்கிய பெரிய முரசின் மலாய்ப் பெயரிலிருந்து வந்தது என்பர் சிலர். விரைவுச்சாலையின் பச்சைப் பலகைகளில் இப்பெயர்களைப் படித்துச் செல்லும் மாணவனுக்குப் பொருளைச் சொல்லிக் கொடுத்தால், அப்பலகைகளே ஓர் ஆற்றுப்படையாகும்.

நெய்தல் திணையைக் கற்பிக்கும்போதும் இச்சாலை நமக்குத் துணையாகும். புன்னையும் தாழையும் ஏட்டில் மட்டும் உள்ளவை என மாணவர் எண்ணுகின்றனர். புன்னை இந்நாட்டுக் கரைகளுக்கு இயல்பாகவே உரிய மரம். மலாயர் அதனைப் 'பெனாகா லாவுட்' என்பர். ஆனால் விரைவுச்சாலைக்குக் குடை பிடிக்கும் பெருமரம் எந்தத் திணையின் கருப்பொருளிலும் இல்லை. அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து 19ஆம் நூற்றாண்டில் இங்கு வேரூன்றியது. மாலையில் இலை மடிவதைக் கண்ட தமிழ் மக்கள் அதற்குத் 'தூங்குமூஞ்சி' எனப் பெயர் சூட்டினர். மலாயரோ, 'ஐந்து மணி' என்று பொருள்படும் 'புக்குல் லீமா' என்றனர். புலவர் எவரும் சூட்டிய பெயர்கள் அல்ல இவை. மரத்தை உற்றுப் பார்த்தவர் சூட்டியவை. நம் கட்டுரைகளில் வரும் 'பசுமையான மரங்கள்' என்னும் தொடர், உற்றுப் பாராதவர் எழுதியது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழக்கூடும். 'இடமில்லாச் சிறுநாடு பிழைக்க வழி தேடியது. தூர்த்த நிலத்தில் மரீன் பரேட் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன, மக்கள் குடியேறினர், நெரிசலின்றிப் போக்குவரத்து நடக்கிறது, ஞாயிறுதோறும் குடும்பங்கள் பூங்காவில் கூடுகின்றன. இதற்கு ஏன் இரங்கல்?' என்பர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. பழையதெல்லாம் பொற்காலம் எனப் புலம்பும் எழுத்தும், புதியதெல்லாம் புகழுக்குரியது எனப் பாடும் எழுத்தும் ஒரே குறையுடையவை. இரண்டும் பாதியைத்தான் காண்கின்றன. நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்த நம் முன்னோர், கடலை வெறுத்து அவ்வாறு வைக்கவில்லை. கடலால் வாழ்ந்தவரே அதன் கரையில் நின்று இரங்கினர். சாலையால் பயன்பெறும் நாமும், அச்சாலைக்காக இடம்பெயர்ந்த கடலையும் ஊரையும் குன்றையும் நினைத்து எழுதலாம். அது நன்றிக்கேடாகாது, நிறைவான நன்றியே அதுதான்.

இதனை இப்போது வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2023 நவம்பரில், கிழக்குக் கரைக்கு அப்பால் ஏறத்தாழ 800 ஹெக்டர் பரப்பில் 'நீண்ட தீவு' ஒன்றை உருவாக்கும் திட்டத்தை அரசாங்கம் அறிவித்தது. 2100ஆம் ஆண்டளவில் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் எனக் கணித்துள்ளனர். தாழ்ந்த இக்கரையைக் காப்பதே திட்டத்தின் தலையாய நோக்கம். பழைய கரைக்கும் புதிய நிலத்துக்கும் இடையில் ஒரு நீர்த்தேக்கம் அமையும். திட்டம் முற்றுப்பெறப் பல பத்தாண்டுகள் ஆகும். அது நிறைவேறிய நாளில், இன்று பிடோக்கில் நாம் கால் நனைக்கும் கடல் நன்னீராய் இருக்கும். அலைகள் இன்னும் தொலைவில் அடிக்கும். தஞ்சோங் காத்தோங் போலவே 'கடற்கரைச் சாலை' என்னும் பெயரும் நினைவுச் சின்னமாகிவிடக்கூடும்.

முதன்முறை கரை நகர்ந்தபோது தமிழில் போதிய பதிவு செய்யாமல் விட்டோம். இரண்டாம் முறை நகரப்போவதை முன்னரே அறிந்திருக்கிறோம். இன்று நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கும் மாணவர்தாம் அதனைத் தம் வாழ்நாளில் காணப்போகிறவர். ஆதலின், தமிழாசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். 'நான் கண்ட அழகிய சாலை' எனத் தலைப்புக் கொடுப்பதை விடுத்து, மாணவரைப் பிடோக் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். சாலையிலிருந்து கடல் தெரிகிறதா என்று அவர்களே பார்க்கட்டும். மரங்களின் பெயரைக் கேட்டு எழுதட்டும். பழைய கரை எவ்விடத்தில் இருந்தது என்று வட்டார முதியவரிடம், அவர் எம்மொழியினராயினும், வினவி அறியட்டும். அதன்பின் ஆற்றுப்படை முறையில், சாங்கி தொடங்கி ஷியர்ஸ் பாலம் வரை, ஊர் ஊராக எழுதட்டும். அவற்றில் நடை சற்றுக் கரடுமுரடாக இருந்தாலும் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டா.