கென்னத் கோக்கின் கவிதை வகுப்பு நூல்கள்

கென்னத் கோக் (1925–2002) அமெரிக்கக் கவிஞர். நியூயார்க் கவிஞர் குழுவைச் சேர்ந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்தார். 1968-ல் மன்ஹாட்டனில் பி.எஸ். 61 என்னும் அரசுத் தொடக்கப்பள்ளியில் குழந்தைகளுக்குக் கவிதை எழுதக் கற்பித்தார். அந்த அனுபவத்திலிருந்து ‘விஷஸ், லைஸ், அண்ட் டிரீம்ஸ்’ (ஆசைகள், பொய்கள், கனவுகள், 1970), ‘ரோஸ், வேர் டிட் யூ கெட் தட் ரெட்?’ (ரோஜாவே, அந்தச் சிவப்பு உனக்கு எங்கே கிடைத்தது?, 1973) ஆகிய இரு நூல்கள் உருவாயின. ஆங்கில இலக்கிய வகுப்புக்கும் படைப்பெழுத்துப் பயிற்சிக்கும் துணையாகப் பரவலாகப் பயன்பட்டவை இவை.

கற்பிக்கும் முறை

முதல் நூலின் அடிப்படை எளிமையானது. ஒவ்வொரு வரியும் ‘நான் ஆசைப்படுகிறேன்’ என்று தொடங்க வேண்டும். அதில் ஒரு நிறமும், ஒரு சித்திரக்கதைப் பாத்திரமும், ஒரு நகரமோ நாடோ வர வேண்டும். ஆளுக்கொரு வரி எழுத, எல்லாம் சேர்ந்து வகுப்பின் கவிதையாகிறது. பின்னர் பொய்கள், ஒப்புமைகள், கனவுகள், ‘முன்பு நான், இப்போது நான்’ என்று பாடங்கள் விரிகின்றன. எதுகை வேண்டாம் என்றார் கோக். எழுத்துப்பிழைகளைப் பொருட்படுத்தவில்லை.

இரண்டாம் நூல் பிளேக், டன், ஷேக்ஸ்பியர், விட்மன், ஸ்டீவன்ஸ், வில்லியம்ஸ், லோர்கா போன்றோரின் கவிதைகளைக் குழந்தைகளிடம் கொண்டுசெல்கிறது. கவிதையை வாசித்துப் பேசிய பின், அதன் மையமான ஓர் எண்ணத்தை எடுத்துக்கொண்டு குழந்தைகள் தாங்களே எழுதுகிறார்கள்.

மதிப்பீடு

கோக் நீக்கியது பயத்தை. எதுகை தேடும் குழந்தை, சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் கிடைத்த சொல்லுக்குப் பின்னால் போகிறது. வரிதோறும் திரும்ப வரும் தொடர், எதுகை இல்லாமலே ஓசையைத் தருகிறது. குழந்தை அடுத்த சொல்லைப் பற்றி மட்டும் யோசித்தால் போதும்.

இதே பலம்தான் குறையாகவும் ஆகிறது. வடிவத்தை ஆசிரியர் தேர்ந்தெடுக்கிறார். குழந்தை அதை நிரப்புகிறது. முதல் நூலின் கவிதைகளைத் தொடர்ந்து வாசித்தால், பல கைகள் எழுதியும் குரல் ஒன்றுபோல ஒலிப்பதை உணரலாம். டெட் ஹியூஸ் பி.பி.சி. பள்ளி வானொலி உரைகளிலிருந்து உருவாக்கிய ‘பொயட்ரி இன் தி மேக்கிங்’ (1967) வேறு வழியில் செல்கிறது. அவர் ஒரு விலங்கையோ நிலத்தையோ கூர்ந்து நோக்கச் சொல்கிறார். அங்கே பொருள் முதலில் வருகிறது. வடிவம் அதைத் தொடர்கிறது.

இரண்டாம் நூல் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. வில்லியம்ஸின் ‘திஸ் இஸ் ஜஸ்ட் டு சே’ பாடத்தில், செய்ததில் உள்ளூர மகிழ்ச்சி இருக்க, அதற்கு மன்னிப்புக் கேட்கும்படி எழுதச் சொல்கிறார். அந்தக் கவிதையின் உயிரே அதுதான். பயிற்சி அதைச் சரியாகத் தொடுகிறது. பிளேக்கின் ‘தி டைகர்’ பாடம் அத்தனை முழுமையானதல்ல. ஒரு விலங்கோடோ வேறு உயிரோடோ பேசி வினாக்கள் கேட்கும்படி பயிற்சி அமைகிறது. ஆட்டுக்குட்டியைப் படைத்தவனா புலியையும் படைத்தான் என்ற பிளேக்கின் அச்சம் அதில் நழுவிவிடுகிறது. ஆனால் நூலின் தலைப்பான வரி ஒரு குழந்தை எழுதியது. அது ரோஜாவின் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறது. அச்சம் போய்விட்டாலும், தோற்றத்தைப் பற்றிய பிளேக்கின் வினா அந்த வரியில் எஞ்சியிருக்கிறது. விளக்கவுரை கேட்ட மாணவர் இதை எட்டுவது அரிது.

கோக்கின் பாடங்கள் இன்று பயிற்சித்தாள்களில் வெறும் வாய்பாடுகளாகச் சுருங்கியுள்ளன. கோடிட்ட இடத்தை நிரப்பினால் கவிதை வந்துவிடாது. அந்த வகுப்பில் எழுதியதை உரக்க வாசித்து, அதைக் கவிதையாகவே மதித்துக் கேட்ட ஒருவர் இருந்தார். இந்நூல்களை எடுத்துக்கொள்ளும் ஆசிரியர் முதலில் கற்க வேண்டியது அந்தக் கேட்டலைத்தான்.