பூஸ்கலனமும் மண்சரிவும்: உரைபெயர்ப்புப் பற்றிய ஒரு நோக்கு

2025 பெப்ரவரியில் இந்திய மக்களவையின் உடனடி உரைபெயர்ப்பு மேலும் ஆறு மொழிகளுக்கு விரிவாக்கப்பட்டது. அவற்றுள் சமஸ்கிருதமும் ஒன்று. 2011 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அதனைத் தாய்மொழியெனப் பதிந்தோர் 24,821 பேரேயாவர். தி.மு.க. உறுப்பினர் தயாநிதி மாறன் அவையிலேயே இதனைக் கண்டித்தார். செலவு பற்றிய அவ்விவாதத்தை ஈண்டு விட்டுவிடலாம். தொழினுட்ப விடயங்களை இந்தியிலிருந்து சமஸ்கிருதத்திற்குப் பெயர்க்கவல்லாரைத் தேடுமிடத்து எழும் சிக்கலே நம் கவனத்திற்குரியது.

இந்தியின் அறிவியற் கலைச்சொற்களுட் பெருந்தொகையானவை சமஸ்கிருத வேர்களிலிருந்து ஆக்கப்பட்டவை. ரகுவீரர் இதில் தீவிரமாக உழைத்தார். 1961 இல் அமைந்த கலைச்சொல் ஆணைக்குழு சர்வதேசச் சொற்களுக்கு இடமளித்தபோதும் அவ்வழியினின்றும் பெரிதும் விலகவில்லை. மண்சரிவுக்கு இந்தியில் ‘பூஸ்கலன்’, சமஸ்கிருதத்தில் ‘பூஸ்கலனம்’. ஈற்றில் ஓர் அசை கூடுகின்றது, அவ்வளவே. எனவே உரைபெயர்ப்பாளனுக்குச் சொற்பஞ்சமில்லை. ஆயின் இலக்கணத்தில் வல்லார் பெரும்பாலும் பொறியியல் அறியார். பொறியியலாளரோ ஆங்கிலத்திற் பயின்றவர். இருவரும் ஒருவராய் வாய்ப்பது அரிது. வாய்த்தாலும், அணைக்கட்டு விரிசலைப் பற்றிச் சமஸ்கிருதத்திற் கேட்டறிந்து வீட்டை விட்டு ஓடவேண்டிய நிலையில் எவரும் இல்லை.

எமது சப்பிரகமுவையிலோ அத்தகையோர் உளர். 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஒரு நாளில் 75 மில்லிமீற்றர் மழைக்கு விழிப்பு, 100 இற்கு வெளியேற ஆயத்தம், 150 இற்கு உடன் வெளியேற்றம் என வரையறுத்துள்ளது. 2016 மே 17 இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களை மூடியதைக் கண்ட மாவட்டங்கள் இவை. இவ்வெண்கள் லயத்து வாசலில் எத்தமிழில் வந்து சேர்கின்றன?

எல்லாப் பழியையும் மொழியின் மீது சுமத்துதலும் தகாது. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டன. அம்மக்கள் முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தனர் என அதிகாரிகள் பின்னர் கூறினர். செல்வதற்கு நிலமில்லாதவனுக்கு எச்சரிக்கையை எவ்வளவு செம்மையாகப் பெயர்த்தும் பயனென்ன?

பெல்மதுளைக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில் நடந்த கூட்டமொன்றில், கலைப்பீட மாணவன் என்பதாலேயே நான் உரைபெயர்ப்பாளனாக நிறுத்தப்பட்டேன். வேறெவரும் கிடைக்கவில்லை. அலுவலர் நிலத்தடி நீர் மண்ணின் பிடிப்பைத் தளர்த்துவதைச் சிங்களத்தில் நன்றாகவே விளக்கினார். நான் ‘துளைநீர் அமுக்கம்’ என்றேன். சொல் பிழையன்று, எந்தக் கலைச்சொல் அகராதியும் என்னைக் குற்றங்கூறாது. கேட்டிருந்தோர் முகத்தில் ஒன்றும் தோன்றவில்லை. பின்னர் வெட்கத்தோடு, “மழை பெஞ்சா கவனமா இருங்க” என்று முடித்தேன். பத்து நிமிட விளக்கம் நான்கு சொல்லாய்ச் சுருங்கிற்று.

அப்போது கொழுந்து பறிக்கும் முதியவரொருவர் எழுந்து, “தம்பி, லயத்துக்குப் பின்னால கான்ல மூணு நாளா தண்ணி கலங்கி வருது. மழ இல்லாதப்பவும் வருது. அதையா சொல்றாரு?” என்றார்.

அதனைச் சிங்களத்திற் பெயர்க்க எனக்கு ஒரு கணமும் தயக்கம் ஏற்படவில்லை. அலுவலர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு, கானைக் காட்டுமாறு அம்மூதாட்டியின் பின்னே நடந்தார்.