இரண்டு செட் முன்னால் இருந்தவர்

விஜய் அமிர்தராஜ் பேசுவதைக் கேட்டுத்தான் இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் கூட வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் அதுதான் உண்மை. பட்டர்வொர்த்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் ஜூன் கடைசி வந்துவிட்டால் அஸ்ட்ரோவில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தவிர வேறு எதுவும் ஓடாது. அப்பா கொள்கலன் லாரி ஓட்டியவர். டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் விம்பிள்டன் நாள்களில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார்.

"டேய், பந்தப் பாக்காத. அவரு பேசுறதக் கேளு. நம்ம மெட்ராஸ்காரரு. வெள்ளைக்காரனே வாயப் பொளந்துக்கிட்டு கேக்குறான் பாரு."

நானும் கேட்டேன். அவசரமில்லாத, ஒவ்வொரு சொல்லையும் துடைத்து வைக்கிற மாதிரியான இங்கிலீஷ். பக்கத்தில் ஆலன் வில்கின்ஸ். அவரும் பழைய ஆட்டக்காரர்தான், கவுண்டி கிரிக்கெட்டில் பந்து வீசியவர். இரண்டு பேரும் பேசினால் நல்ல ஹோட்டல் ஒன்றின் முன்கூடத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். யாரும் யாரையும் காயப்படுத்த மாட்டார்கள்.

இப்போது என் புகாரே அதுதான்.

2024 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் இருக்கும் அனைத்துலக டென்னிஸ் புகழ் மண்டபத்தில் விஜய்யைச் சேர்த்தார்கள். அதே நாளில் லியாண்டர் பயஸும் சேர்ந்தார். இந்த இருவர்தான் அங்கே இடம்பிடித்த முதல் ஆசிய ஆண்கள். லியாண்டர் போனது ஆட்டக்காரர் பிரிவில். விஜய் போனது பங்களிப்பாளர் பிரிவில். அவரோடு சேர்ந்து 1990இல் அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக எழுதிய ரிச்சர்ட் எவன்ஸுக்கும் அன்று அதே பிரிவில்தான் இடம். அதாவது மண்டபத்தின் கணக்கில் விஜய்யின் மட்டையைவிட அவர் அதற்குப் பிறகு செய்தவைதான் பெரியவை. பாராட்டுதான். ஆனால் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

ஏனென்றால் அந்த மட்டையின் கதையைத் தேடிப் பார்த்தால் அது வேறு மாதிரி இருக்கிறது. 1973 விம்பிள்டன் காலிறுதியில் யான் கோடெஷிடம் ஐந்தாவது செட்டில் 5-7 என்று தோற்றார். கோடெஷ் அந்த ஆண்டின் சாம்பியன். 1979இல் இரண்டாவது சுற்றிலேயே போர்க். செட் கணக்கில் 2-1 என்று முன்னால் இருந்து, நாலாவது செட்டை டை-பிரேக்கில் விட்டு, ஐந்தாவதில் கவிழ்ந்தார். அந்த வருடமும் கோப்பை போர்க்கிடம்தான் போனது. 1981 காலிறுதியில் ஜிம்மி கானர்ஸை 6-2, 7-5 என்று கட்டிப் போட்டுவிட்டு அடுத்த மூன்று செட்டையும் இழந்தார். (அதே கானர்ஸ் அரையிறுதியில் போர்க்குக்கு எதிராக 6-0, 6-4 என்று முன்னால் இருந்து அதே மாதிரி தோற்றார். டென்னிஸ் பழி வாங்குகிற வேகம் நம்ம ஊர்க் குலதெய்வங்களுக்குக்கூட இல்லை.)

முன்னாள் ஆட்டக்காரர் ஒருவரை நாம் எதற்கு வர்ணனைக்குக் கூப்பிடுகிறோம்? பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று சொல்வதற்கு இயந்திரம் இருக்கிறது. கையில் வந்துவிட்ட ஆட்டம் நழுவும்போது மணிக்கட்டில் என்ன நடக்கிறது, வயிற்றில் என்ன நடக்கிறது என்பது தோற்றவனுக்கு மட்டும்தான் தெரியும்.

2008 ஜூலை 6 இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நேரத்துக்கு விடியற்காலை நான்கைத் தாண்டித்தான் முடிந்தது. எனக்கு வயது பதினொன்று, மறுநாள் பள்ளிக்கூடம். நடால் இரண்டு செட் முன்னால். மூன்றாவது போய்விட்டது. நாலாவது செட் டை-பிரேக்கில் 5-2, சர்வீஸும் அவர் கையில். டபுள் ஃபால்ட் போட்டார். அப்பா "ஐயோ" என்று எழுந்தே விட்டார். அந்த ஒரு டபுள் ஃபால்ட்டை உள்ளிருந்து விளக்க உலகத்தில் ஒரு சிலரால்தான் முடியும். விஜய் அவர்களில் ஒருவர். ஆனால் இத்தனை வருடம் கேட்ட அவருடைய வர்ணனையில் எனக்கு மிஞ்சியிருப்பது ஆட்டக்காரர்களின் பெருமையும் புல்தரையின் அழகும்தான். அந்த 1981 பிற்பகல் எனக்கு அதில் கிடைக்கவே இல்லை.

ஜான் மெக்கன்ரோவைப் பாருங்கள். 1984 பாரிஸ் இறுதியில் லெண்டிலிடம் இரண்டு செட் முன்னால் இருந்து தோற்றவர். வர்ணனைக்காகப் பாரிஸ் போனாலே வயிற்றைப் புரட்டுகிறது என்று 2002இல் வந்த தன் சுயசரிதையில் எழுதினார். வர்ணனையிலும் மனிதர் அந்தப் புண்ணை மறைப்பதில்லை. அதனால்தான் அவர் ஒருவரைக் குறை சொன்னாலும் கேட்கத் தோன்றுகிறது.

இதோடு நிறுத்தியிருந்தால் என் கட்டுரை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் மெக்கன்ரோவுக்குக் கத்துவதற்கு உரிமை இருந்தது. கத்தித்தான் அவர் பெயரே வாங்கினார். மெட்ராஸிலிருந்து போன ஒரு கறுப்புத் தமிழன் அந்தக் காலத்தில் அப்படிக் கத்தியிருந்தால் வர்ணனைப் பெட்டியின் கதவு திறந்திருக்குமா? 1974இல் டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்த இந்தியா, எதிரணி நிறவெறி தென்னாப்பிரிக்கா என்பதால் ஆடாமலேயே கோப்பையை விட்டுக்கொடுத்தது. விஜய்யும் அண்ணன் ஆனந்தும் அந்த அணியில் இருந்தார்கள். வாழ்க்கையின் பெரிய வாய்ப்பை ஒரு பந்துகூட அடிக்காமல் இழந்து, வாயை மூடிக்கொண்டு அடுத்த போட்டிக்குப் போன தலைமுறை அது. 1983இல் 'ஆக்டோபஸி'யில் டென்னிஸ் மட்டையால் அடியாள்களை அடித்தபோதும் சிரித்த முகம்தான். அந்தச் சிரிப்பையும் அவர் மட்டையைப் போலவே பயிற்சி செய்து பழகியிருக்க வேண்டும்.

அந்தப் பயிற்சி எனக்கும் வந்துவிட்டது. பிறையில் ஒரு தொழிற்சாலையில் தர சோதனைதான் என் வேலை. எது எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று எழுதுவதற்குத்தான் சம்பளம். கூட்டத்தில் எழுந்தால் விஜய்யின் இங்கிலீஷ் வந்துவிடுகிறது. மரியாதையாக, மெதுவாக, யார் மனமும் புண்படாமல். போன மாதம் ஒரு தொகுதி முழுக்க மோசம் என்று சொல்ல வேண்டிய இடத்தில், இன்னும் கொஞ்சம் மேம்படலாம் என்றேன். பாராட்டினார்கள். சரக்கு போய்விட்டது. திரும்பியும் வந்துவிட்டது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். தோற்றதைப் பற்றி அவர் பேசியிருக்க வேண்டும் என்றேன். அப்பா தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே, "அதெல்லாம் பேசி என்னடா ஆவப்போவுது? கேக்குறதுக்கு நல்லா இருந்துச்சா இல்லியா?" என்றார்.

நல்லாத்தான் இருந்தது.