வால்ஸ்கிஸ் போன பிறகு

நார்வேயின் சோல்ஷேர் 1996-ல் மான்செஸ்டர் யுனைடெட் வந்தார். 2007-ல் ஓய்வு பெறும்வரை அங்கேயேதான். நம்ம சென்னையின் எஃப்சி கதை வேற.

லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ் 2019-20 ஐஎஸ்எல்லில் 15 கோல் போட்டு கோல்டன் பூட் வாங்கினார். அவரை வெறும் கோல் மெஷின் என்று சுருக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஓவன் கோய்ல் டிசம்பரில் கோச்சாக வந்த பிறகுதான் டீமே ஓட ஆரம்பித்தது. கிரிவெல்லாரோ தலையைத் தூக்கும்போதே வால்ஸ்கிஸ் கிளம்பியிருப்பார். நேரு ஸ்டேடியத்தில் மேட்ச் முடிந்து திருவள்ளூர் லோக்கலில் திரும்பும்போதெல்லாம் இதைத்தான் பேசிக்கொண்டு வருவோம்.

அடுத்த சீசன் கோய்ல், வால்ஸ்கிஸ் ரெண்டு பேருமே ஜாம்ஷெட்பூர் போயிட்டாங்க. பதிலுக்கு சில்வெஸ்டர், கோன்சால்வ்ஸ். ஆளை மாத்தினா போதும்னு கணக்குப் போட்டிருக்காங்க. கிரிவெல்லாரோவும் காயத்தில் பாதியில் போனார். 20 மேட்ச், 17 கோல்.