மனுப் போடாமல் போனவர்கள்

1843-இல் சார்லஸ் ஸ்டர்ட் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியை ஆராய ஒரு திட்டம் எழுதி லண்டனுக்கு அனுப்பினார். வங்காளத்தில் பிறந்த ராணுவ அதிகாரி அவர். அந்தக் கண்டத்தின் நடுவே கடல் இருப்பதாக நம்பினார். காலனித் துறை அமைச்சர் ஸ்டான்லி பிரபு திட்டத்தைச் சுருக்கி அனுமதி தந்தார். மறு ஆண்டு ஆகஸ்டில் அடிலெய்டிலிருந்து படகையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட குழு, வறட்சியில் ஒரு நீர்நிலையருகே ஆறு மாதம் அடைபட்டது. துணைத் தலைவர் ஜேம்ஸ் பூல் ஸ்கர்வி கண்டு இறந்தார். கடல் இல்லை, பாலைவனம்தான் இருந்தது. ஆனாலும் அரசு அனுப்பிய பயணம் என்பதால் அந்தத் தோல்வியும் வரைபடத்தில் ஏறியது.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து நகரத்தார், அதாவது செட்டியார்கள், கடல் கடந்து தொழில் செய்ய, அவர்கள் சொல்லில் கொண்டுவிக்க, போனது இதற்கு நேர் எதிரான வழி. 1852 போரில் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமானபின் அங்கே போனவர்கள் எந்த அரசிடமும் பணம் கேட்கவில்லை. முதலீட்டுப் பணம் ஊரிலேயே திரண்டது. ஆச்சிமாரின் சீர்ப்பணமும் அதில் சேர்ந்தது. வட்டிக்கடையின் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவர் அடுத்தாள் என்ற உதவியாளாகி, மேலாள் என்ற பொறுப்பாளாகி, மூன்று வருடக் கணக்கு முடித்துத் திரும்புவார். ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். ஐரோப்பிய வங்கிகள் நகரத்தைத் தாண்டத் தயங்கிய காலத்தில், ஐராவதிக் கழிமுகத்தில் காட்டையும் சதுப்பையும் திருத்தி நெல் விளைவித்த பர்மிய உழவனுக்கு வாசலில் கடன் கிடைத்தது. 1930-இல் பர்மா வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டபோது செட்டியார் கடைகள் 1,650. அங்கே இருந்த முதல் ஏறக்குறைய 75 கோடி ரூபாய். பர்மாவின் வளர்ச்சியே இவர்களால்தான் என்று ஆளுநர் ஹார்கோர்ட் பட்லர் பாராட்டியிருந்தார். அரசு ஆதரவில்லாமல் இவ்வளவு பெரிய முயற்சி தென்னிந்தியாவில் வேறு எந்தச் சமூகத்துக்கும் கைகூடியதாக எனக்குத் தெரியவில்லை.

அரசிடம் கேட்காததால் அரசை நம்பாமல் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. அடமானப் பத்திரம், பதிவு அலுவலகம், நீதிமன்றம் எல்லாமே ஆங்கிலேயர் கொண்டுவந்தவை. கடன் திரும்பும் என்ற நம்பிக்கை முழுதும் அந்தச் சட்டத்தின்மேல்தான் நின்றது. நல்ல விலை இருந்தவரை இது கண்ணில் படவில்லை. 1930-இல் நெல் விலை சரிந்தது. உழவனால் வட்டியே கட்ட முடியவில்லை, நிலம் கைமாறியது. கீழ்ப்பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் செட்டியார் கையிலிருந்த நிலம் 1930-இல் சாகுபடிப் பரப்பில் 6 சதவீதம், 1938 வாக்கில் 25 சதவீதம். அவர்களுக்கு நிலம் தேவைப்படவில்லை, பணம்தான் வேண்டும் என்பது உண்மை. ஆனால் தாத்தா வெட்டித் திருத்திய வயலில் குத்தகைக்காரனாக நிற்கும் பர்மியனிடம் அதை யார் சொல்வது?

இதற்குப் பிறகுதான் செட்டியார்களின் மனுக்கள் அரசை நோக்கிப் புறப்பட்டன. 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1941-இல் நிலச் சட்டங்கள், 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு, 1948-இல் நில தேசியமயச் சட்டம். காப்பும் நஷ்டஈடும் கேட்டுப் போனவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. சட்டப்படி கடன் கொடுத்து, சட்டப்படி பெற்ற சொத்து அது. அதில் ஊரிலிருந்த கைம்பெண்களின் வைப்புப் பணமும் இருந்தது. அதைக் காக்கக் குரல் கொடுக்காவிட்டால்தான் தவறு.

என் குறை அவர்கள் மனுவை எங்கே கொண்டுபோனார்கள் என்பதில். ஸ்டர்ட் அனுமதி கேட்டபோது அந்தப் பாலையில் வாழ்ந்த பழங்குடிகளை யாரும் கேட்கவில்லை. நகரத்தாரும் லண்டனையும் டெல்லியையும் பார்த்தார்களே தவிர, வயலில் நின்றவனோடு பேசி முடிப்பதை முதன்மையாகக் கொள்ளவில்லை. விலை சரிந்ததற்கும் பர்மா பிரிந்ததற்கும் இடையே ஏழு வருடம் இருந்தது. அசலைக் குறைத்து எழுதி, நிலத்தை நீண்ட தவணையில் பழைய உழவனுக்கே விட்டிருந்தால் வைப்புக்காரர்களுக்கும் நட்டம் வந்திருக்கும். சில கடைகள் மூடியிருக்கும். ஆனால் மொகல் தெருவில் ஒரே மாலையில் வட்டியை முடிவு செய்யும் கட்டுப்பாடு கொண்ட சமூகத்துக்கு, அந்த நட்டத்தையும் கூடிப் பங்கிட்டுக்கொள்ளும் வலிமை இருந்தது.