எள்ளலும் சொல்வைப்பும்: ஷாசியா மிர்சாவின் மேடை நகைச்சுவை

நகைக்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதற்கண் வைத்தார் தொல்காப்பியர். அதனை இருவகையாகப் பகுத்தார் பேராசிரியர். பிறரை இகழ்ந்து தான் நகுவது ஒன்று. பிறர் தன்னை இகழ்ந்தபோது தானே நகுவது மற்றொன்று. இரண்டாம் வகைக்கு இக்காலச் சான்றாக ஷாசியா மிர்சாவின் மேடைப் பேச்சைக் கொள்ளலாம்.

பாக்கிஸ்தானியப் பெற்றோருக்குப் பர்மிங்காமில் பிறந்த இம்முஸ்லிம் பெண், இலண்டனில் அறிவியல் ஆசிரியராகப் பணிபுரிந்து, பின்னர்த் தனிநபர் மேடை நகைச்சுவைக்கு வந்தவர். 2001 செப்டம்பர் 11ஆம் நாள் தாக்குதல்களை அடுத்து, ஹிஜாப் அணிந்து மேடையேறித் தம் பெயரைக் கூறிய அவர், தம் விமானி உரிமத்திலாவது அவ்வாறே எழுதப்பட்டிருப்பதாகச் சொன்னார். இக்கூற்றில் சமயத்தைச் சுட்டும் சொல் இல்லை. வன்முறையைச் சுட்டும் சொல்லும் இல்லை. உடை, பெயர், உரிமம் ஆகிய மூன்றையும் இணைத்து ஐயத்தை உருவாக்குவோர் அவையோரே. தம்முள் இருந்த ஐயத்தைக் கண்டே அவர்கள் நகைக்கின்றனர்.

மொழிபெயர்ப்பாளர்க்கு இங்கு இரு இடர்ப்பாடுகள் எழுகின்றன. முதலாவது சொல்வைப்பு. ஆங்கிலத்தில் உரிமத்தைக் குறிக்கும் தொடர் வாக்கிய இறுதியில் நிற்கிறது. தமிழிலோ வினைமுற்று இறுதியில் நிற்பதே இயல்பு. "என் விமானி உரிமத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது" எனப் பெயர்த்தால், நகை பிறந்த பின்னும் வாக்கியம் தொடர்கிறது. "அப்படித்தான் எழுதியிருக்கிறது, என் விமானி உரிமத்தில்" என்பதே பொருந்தும். எழுத்து நடையில் பிறழ்ச்சியாகத் தோன்றும் இவ்வைப்பு, பேச்சு வழக்கிற்கு உரியதே.

இரண்டாவது விளக்கம். தாக்குதலை நினைவூட்டி அடிக்குறிப்பு எழுதினால், அவையோர் மனத்திலிருந்த ஐயம் பேசுபவர்மேல் மீண்டும் ஏற்றப்படுகிறது. மொழிபெயர்ப்பாளரே குற்றம் சாட்டுபவர் ஆகிவிடுகிறார். விளக்கம் தேவையெனின் அதனை முன்னுரையில் வைத்து, கூற்றைத் தனியே விடுதல் நன்று.

இக்கூற்றின் ஆற்றல் காலத்தைச் சார்ந்தது. எனவே அதனைக் கொண்டே அவரை அளவிடல் தகாது. பிற்காலத்தில் அவர் ஹிஜாபைக் கைவிட்டார். 2015 பிப்ரவரியில் இலண்டன் பெத்னல் கிரீனிலிருந்து சிரியாவுக்குச் சென்ற மூன்று பள்ளி மாணவியரைப் பற்றிய 'கர்தாஷியன்கள்தாம் என்னைச் செய்யவைத்தனர்' என்னும் நிகழ்ச்சியில், ஐயுறப்படுபவர் என்னும் நிலையினின்றும் வினவுபவர் என்னும் நிலைக்கு உயர்ந்தார். அங்கு நகை ஒரு சொல்லில் நில்லாது வாதத்தின் போக்கில் நிற்கிறது. முன்னதைப் பெயர்க்கச் செவி வேண்டும்; பின்னதைப் பெயர்க்க அச்சமூகத்தைப் பற்றிய அறிவும் வேண்டும்.